நாற்பத்தோராவது ஓட்டு

அட்ராக்டா ஹெனகன் எங்கள் கட்சியின் கில்டாரா கிளைக்கு நாற்பத்தாறு வருடமாகச் செயலாளர். கிளையில் உறுப்பினர்கள் பதினான்கு பேர். அதில் பத்துப் பேரை நான்தான் புதைத்தேன்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் தொழில் அது. முன்பக்கம் மதுக்கடை, பின்பக்கம் சவப்பெட்டி. எங்கள் பக்கத்து ஊர்களில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கும். வாடிக்கையாளருக்கும் அலைச்சல் மிச்சம். ஆளை அளவெடுத்து, பெட்டியில் வைத்து, மண்ணைத் தள்ளிவிட்டு வந்து பார்த்தால், அட்ராக்டாவின் பதிவேட்டில் அவர் இன்னும் உயிரோடு இருப்பார். கிளை என்றால் பத்துத் தலையாவது வேண்டும் என்பது கட்சி விதி. குறைந்தால் பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்த்துவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரனோடு ஒரே கிளையில் உட்காருவதைவிடச் செத்துப்போவது மேல் என்பது எங்கள் கொள்கை. செத்தவர்கள் அதற்கு ஒத்துழைத்தார்கள், அவ்வளவுதான்.

உயிரோடு இருந்தது நாலு பேர். அட்ராக்டா, நான், அப்புறம் வேலித் தகராறில் ஒருவரோடொருவர் பேசாத கில்லன் சகோதரர்கள் இருவர். கூட்டம் நடப்பது அட்ராக்டாவின் சமையலறையில். கிளை தொடங்கிய நாளிலிருந்து அந்த வீடுதான் அலுவலகம்.

எங்கள் ஊரில் இரண்டே சாதி. நம்ம ஆளுங்க, அந்தக் கூட்டம். கட்சிப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆங்கிலேயன் டப்ளினை விட்டுப் போன கையோடு, அவனோடு போட்ட உடன்படிக்கை சரியா தவறா என்று அண்ணன் தம்பி சுட்டுக்கொண்டு பிரிந்த இரண்டு கட்சிகள். பேராசிரியர்கள் அதைப் பற்றித் தடித்தடியாக எழுதியிருக்கிறார்கள். கில்டாராவில் விஷயம் அவ்வளவு பெரிதல்ல. ஒரு சைக்கிள். அந்த உள்நாட்டுச் சண்டையில், ராணுவச் சட்டை போட்டிருந்த நாட்டன் குடும்பத்துக்காரர் ஒருவர், ஹெனகன் குடும்பத்தின் புது சைக்கிளை அரசாங்கத் தேவைக்கு என்று வாங்கிக்கொண்டு போனார். ரசீதும் கொடுத்தார். சைக்கிள்தான் திரும்பி வரவில்லை. அந்த ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சமையலறைச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்கள். விளக்கு இயேசுவுக்கு, வெளிச்சம் ரசீதுக்கு.

அட்ராக்டா பிறந்தது நாட்டன் வீட்டில்.

நடன மண்டபத்தில் கோல்மன் ஹெனகனைப் பார்த்தார். கட்சி கேட்காமல் கையைக் கொடுத்ததுதான் என் மகள் செய்த முட்டாள்தனம் என்று அவர் அம்மா கடைசிவரை புலம்பினார். கல்யாணத்தன்று அவர் அப்பா தேவாலயம்வரை வந்தார். உள்ளே வரவில்லை. பூசை முடியும்வரை தொப்பியைக் கழற்றாமல் மதிலோரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். மகளோடு அதன் பிறகு பேசவில்லை.

புதிதாக மதம் மாறியவர்தான் சத்தமாக ஜெபிப்பார். ஒரே வருடத்தில் அட்ராக்டா எங்கள் கிளைச் செயலாளர். சுவரொட்டி கட்டிய பிளாஸ்டிக் வாரைத் தேர்தல் முடிந்ததும் அவிழ்த்துச் சேர்த்துவைத்து அடுத்த தேர்தலுக்கு எடுத்துத் தருவார். தீர்மான நோட்டில் அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு தீர்மானம் ஏறிவிட்டால் ஏறியதுதான். போப்பே வந்து சொன்னாலும் முன்மொழிந்தவர் வாபஸ் வாங்காமல் அடிக்க மாட்டார்.

அவருக்கு ஒரு தம்பி, ஃபெஸ்டஸ். என் வகுப்புத் தோழன். தபால்காரன். முதலில் சைக்கிளில் வந்தான். ஒரு நாட்டன் தன் வாசலுக்குத் தினமும் சைக்கிளில் வந்து இறங்குவதை கோல்மன் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஆனாலும் பொறுத்துக்கொண்டார். தம்பி உள்ளே வருவான், டீ குடிப்பான், ரசீதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பான். எண்பத்தேழாம் வருடத் தேர்தல்வரை.

அந்தத் தேர்தலன்று கோல்மன் ஓட்டுப் போடத் தள்ளாத கிழவர்களையெல்லாம் காரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். ஊர்க் கிழவிகளை ஏற்றிய மனுஷன் சொந்த அம்மாவை மறந்துவிட்டார். சாயங்காலம் கிழவி வாசலில் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஃபெஸ்டஸ், தன் காரில் கொண்டுபோய் ஓட்டுப் போடவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். எதிரி என்றாலும் கிழவி கிழவிதானே.

மறுநாள் எண்ணிக்கை. எண்ணும் இடத்தில் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு, பெட்டி திறந்து சீட்டுகளை விரிக்கும்போதே எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக் கணக்கெடுக்கிறவர்கள் ஒவ்வொரு கட்சிக்கும் உண்டு. கோல்மன் அதில் புலி. எந்தப் பெட்டியில் எந்த வீடு எப்படிப் போட்டது என்று அவருக்கு அத்துப்படி. எங்கள் பெட்டியில் அந்தக் கூட்டத்துக்கு எப்போதும் நாற்பத்தொன்று. முந்தின கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் அட்ராக்டாவின் அப்பா இறந்துவிட்டார், ஆகவே நாற்பது. சிகரெட் அட்டையில் முந்தின நாளே எழுதிவைத்திருந்தார்.

பெட்டி திறந்தது. நாற்பத்தொன்று.

அவர் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். யார் அந்த ஒருத்தர்? புதிதாகப் பதினெட்டு வயது ஆனவர் அந்தப் பக்கம் யாருமில்லை. கட்சி மாறும் அளவுக்குச் சிந்திக்கிறவரும் எங்கள் ஊரில் கிடையாது. மிச்சம் ஒன்றே ஒன்று: நாட்டன் காரில் போய் வந்த அம்மா. வீட்டுக்கு வந்து கேட்டார். கிழவி பிடிவாதக்காரி.

"ஓட்டு ரகசியம்னு பாதிரியாரே சொல்லியிருக்காரு. நீ என்ன அவருக்கு மேலயா?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அந்த இலையுதிர் காலத்தில் இறந்தும் போனாள். ரகசியம் ரகசியமாகவே போனது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் கோல்மன் தீர்மானம் கொண்டுவந்தார். 'அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த எவரும், குறிப்பாக நாட்டன் எவரும், கிளைக் கூட்டம் நடக்கும் இந்த இல்லத்தின் வாசற்படியைத் தாண்டக்கூடாது.' முன்மொழிந்தவர் கோல்மன் ஹெனகன். வழிமொழிந்தவன் நான். ஆமாம், நான்தான். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, மூளை இன்னும் வந்து சேரவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் கொடுத்த டீயும் பழக் கேக்கும் நன்றாக இருந்தது என்பதும் ஒரு காரணம். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. எழுதுகிற கையே ஒரு நாட்டன் கைதான் என்பதை யாரும் கிளப்பவில்லை. அட்ராக்டா தலை நிமிராமல் எழுதினார். முற்றுப்புள்ளிகூட அழுத்தமாக வைத்தார்.

அன்றிலிருந்து ஃபெஸ்டஸ் வாசலோடு சரி. கடிதத்தைக் கொடுப்பான். அக்கா டீயை ஜன்னல் விளிம்பில் வைப்பார். அவன் வெளியே நின்று குடிப்பான், அவர் உள்ளே நின்று பேசுவார். மழை என்றால் இறவானத்தின் கீழ் ஒதுங்கிக்கொள்வான். எங்கள் ஊரில் மழை என்றால் எந்நாளும்தான். சைக்கிள் போய்ப் பச்சை வேன் வந்தது. தலைமுடி போய் வழுக்கை வந்தது. ஜன்னல் மட்டும் மாறவில்லை.

கோல்மன் இறந்தபோதாவது உள்ளே வருவான் என்று நினைத்தேன். இரண்டு நாள் உடல் வீட்டில் இருந்தது. ஊரே உள்ளே போய்ப் பார்த்து, கை கொடுத்து, சாண்ட்விச் தின்றுவிட்டு வந்தது. ஃபெஸ்டஸ் வெளிக் கதவருகே நனைந்துகொண்டு நின்றான். பெட்டியைத் தூக்கி வந்ததும், கதவு தாண்டிய இடத்தில் தோள் கொடுத்தான். கல்லறைவரை மாற்றிக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை நான் பேச்சை எடுத்தேன்.

"அட்ராக்டாக்கா, அந்தத் தீர்மானத்த அடிச்சிடலாம். வழிமொழிஞ்சவன் நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"வழிமொழிஞ்சவன் வாங்கினா ஆச்சா? முன்மொழிஞ்சவர் வாங்கணும்."

"அவருதான் செத்துட்டாரே."

"பதிவேட்டுல இல்ல," என்றார்.

அவரை உயிரோடு வைத்திருப்பதால்தானே எங்கள் கிளையும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அட்ராக்டாவின் குரலில் வேறு ஏதோ பயம் இருந்தது. எதைத் தோண்டினால் எது வருமோ என்கிற மாதிரி.

அப்புறம் அந்தத் தேர்தல் வந்தது. நூற்றறுபது இடத்தில் எண்பத்தொன்று வேண்டும். நம்ம ஆளுங்களுக்கு முப்பத்தாறு, அந்தக் கூட்டத்துக்கு முப்பத்து நாலு. இருவரையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒரு கட்சி முப்பத்தொன்பதோடு நின்றது. அதோடு சேர மாட்டோம் என்று இரண்டு பேரும் தேர்தலுக்கு முன்பே சத்தியம் செய்திருந்தார்கள். ஒருவரோடொருவர் சேர மாட்டோம் என்றும்தான் சத்தியம் செய்திருந்தார்கள். இரண்டு சத்தியத்தில் எது மலிவு என்று பார்த்து அதை உடைத்தார்கள்.

நாலு மாதம் டப்ளினில் பேச்சுவார்த்தை. எங்கள் தலைவருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை பிரதமர் ஆகாவிட்டால் துணைத் தலைவர் அவரைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கூட்டத்தின் தலைவருக்கோ இடங்கள் போய்விட்டன. எதிர்க்கட்சியில் உட்கார்ந்தால் சொந்த ஆட்களே பிய்த்துவிடுவார்கள். வேலை போகப் போகிற இரண்டு பேருக்கு நூறு வருடப் பகை எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது. சைக்கிள் பாதை கேட்கும் சுற்றுச்சூழல் கட்சி ஒன்றைப் பன்னிரண்டு பேரோடு சேர்த்துக்கொண்டார்கள். பிரதமர் நாற்காலிக்குச் சுழற்சி முறை: முதல் இரண்டரை வருடம் நம்ம ஆள், அடுத்த இரண்டரை வருடம் அவங்க ஆள்.

இதற்குக் கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் தபாலில் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட வேண்டும் என்றார்கள். முன்பெல்லாம் கிளைக்கு இரண்டு பிரதிநிதிகள் போய்க் கை தூக்கிவிட்டு வருவோம். ஆளுக்கொரு சீட்டு என்பது இதுதான் முதல் தடவை. டப்ளினில் இதை யோசித்தவனுக்குக் கிராமத்துக் கிளைகளின் உடல்நிலை பற்றி ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை காலை நான் ஒரு அடக்கத்துக்குச் சாண்ட்விச் செய்து தரச் சொல்லிவிட்டுப் போக அட்ராக்டா வீட்டுக்கு வந்திருந்தேன். பச்சை வேன் வந்து நின்றது. ஃபெஸ்டஸ் ஜன்னலண்டை வந்து, பதினோரு உறைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக விளிம்பில் போட்டான். செத்தவர்கள் எல்லோருக்கும் பதிவேட்டில் செயலாளர் வீட்டு முகவரிதான்.

"பெரிய டாம் கில்லன். இவரத் தூக்கினப்போ பிடிச்ச முதுகு இன்னும் விடல."

"வச்சிட்டுப் போடா."

"ஸ்டீவன் ரோச். கையெழுத்து வாங்கணுமா, இல்ல கல்லுமேல வச்சிடட்டுமா?"

"டேய், உங்க கல்லறையில மட்டும் என்ன, எல்லாரும் ஓட்டுப் போடாமலா படுத்திருக்காங்க?"

"எங்க ஆளுங்க செத்தா மரியாதையா செத்துடுவாங்கக்கா."

பத்தாவது உறையை அவன் போடவில்லை. கையில் கொடுத்தான். கோல்மன் ஹெனகன். கிண்டலும் செய்யவில்லை. அட்ராக்டா அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக அவருடைய சொந்த உறையை வைத்தான்.

"வெள்ளிக்கிழமையோட நான் ரிட்டயர்டு," என்றான்.

"தெரியும்."

"திங்கள்லேர்ந்து ஒரு பொண்ணு வருவா. நல்ல பொண்ணு. வேகமா ஓட்டுவா, நாயக் கட்டிவை."

அட்ராக்டா விளிம்பில் கிடந்த உறைகளைச் சேர்த்து அடுக்கினார். அந்த வீடு சந்துப் பாதையில் இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. அதைத் தாண்டி ஆடுகளும் சதுப்பு நிலமும்தான். அவருக்குக் குழந்தைகள் இல்லை. கடிதம் இல்லையென்றால் அங்கே வந்து நிற்க அவனுக்கு முகாந்திரம் எது?

"சும்மா வந்துட்டுப் போயேன்டா," என்றேன் நான்.

"சும்மா வந்து எங்க நிக்கிறது, ஜார்லத்து? தபால்காரன் வாசல்ல நின்னா அது வேலை. தம்பி வாசல்ல நின்னா அது அவமானம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாசலில் அவனை நிறுத்தியதில் பாதிக் கை என் கை.

அன்று சாயங்காலமே எங்கள் எம்.பி. லோர்கன் மெலட் வந்தான். நாற்பத்தெட்டு வயது, நல்ல பல். இணையமைச்சர் பதவி தருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார், மீன்வளம். எங்கள் தொகுதியில் கடல் கிடையாது, அதனால் என்ன. நடந்ததை அட்ராக்டா எனக்கு மறுநாள் அப்படியே நடித்துக் காட்டினார்.

"அம்மா, கில்டாரா கிளை முழுக்க 'சரி'ன்னு விழணும். எந்தத் தொகுதி எப்படிப் போட்டுதுன்னு தலைவர் பாப்பாரு."

"கிளை முழுக்கன்னா நாலு பேருப்பா."

"பட்டியல்ல பதினாலு இருக்கே."

"எல்லா அடக்கத்துக்கும் நீதானே வந்தே?"

"வந்தேன். கை குடுத்தேன். அந்த உரிமையிலதான் கேக்கறேன்."

புதன்கிழமை மறுபடியும் வந்தான். இந்த முறை முகம் தொங்கியிருந்தது. மீன்வளம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று காற்றுவாக்கில் செய்தி. துணைத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்: ஓட்டு தோற்றால் தலைவர் காலி, நான் தலைவர், நீ முழு அமைச்சர். லோர்கன் சுவரில் தொங்கிய ரசீதின் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றானாம்.

"இதப் பாக்கும்போது மனசு ஆறல அம்மா. அவங்களோட போய் எப்படி உக்கார்றது? கோல்மன் ஐயா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"திங்கக்கிழமை அவரு 'சரி' சொல்லணும்னியே."

"அது திங்கக்கிழமை."

வியாழக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தலைவரே கூப்பிட்டுப் பேசியிருந்தார். துறை கிடைத்துவிட்டது. சாலைப் பாதுகாப்பு மற்றும் சைக்கிள் பாதைகளுக்கான இணையமைச்சர்.

அட்ராக்டா சோடா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார், பிறகு ரசீதைப் பார்த்தார்.

"அப்போ பதவி ஏத்ததும் முதல் வேலையா எங்க சைக்கிளக் கண்டுபிடிச்சுக் குடு."

"கண்டிப்பா அம்மா. இப்போ அந்தப் பத்துச் சீட்டு..."

"திங்கக்கிழமை சரி. புதன்கிழமை வேண்டாம். இன்னிக்கு மறுபடி சரி. செத்தவங்க எவ்வளவோ தேவலப்பா, ஒரே பேச்சுல இருக்காங்க."

கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து உறைகளை எடுத்தார். பிரிக்கவே இல்லை. அடுப்பின் மூடியைத் தூக்கி ஒவ்வொரு பெயராகப் படித்து உள்ளே போட்டார். பெரிய டாம் கில்லன். ஸ்டீவன் ரோச். ஒன்பது பேர். லோர்கனின் முகம் நெருப்பு வெளிச்சத்தில் வெந்துகொண்டிருந்தது.

"பேர வச்சிருந்தது கிளைக்காக," என்றார். "அவங்க வாயால பேசறதுக்கு எனக்கு உரிமை இல்ல. ஒரு தடவை அப்படிப் பண்ணியிருக்கேன். அது போதும்."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கோல்மனின் உறை மட்டும் அடுப்புக்குப் போகவில்லை என்பதைப் பார்த்தேன். அது அவர் ஏப்ரன் பையில் இருந்தது. "நாளைக்குக் காலையில வா, ஜார்லத்து. கிளை வேலை இருக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு வந்தது. நூற்றுக்கு எழுபத்து நாலு பேர் சரி என்றார்கள், கூட்டணி உண்டாயிற்று, சாராயம் ஓடியது. அதெல்லாம் பத்திரிகையில் வந்தது. காலையில் நடந்தது வரவில்லை.

நான் போனபோது மேசைமேல் பழைய தீர்மான நோட்டு திறந்திருந்தது. எண்பத்தேழாம் வருடப் பக்கம். தீர்மானத்துக்குக் கீழே கோல்மனின் வாக்குச்சீட்டு ஒட்டியிருந்தது; 'சரி' என்ற கட்டத்தில் ஒரு குறி. பசை இன்னும் காயவில்லை.

"வழிமொழிஞ்சவர் வாபஸ்," என்று சொல்லி என்னிடம் பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் நான் போட்ட உருப்படியான கையெழுத்து அதுதான்.

பத்தே முக்காலுக்கு வேன் வந்தது. ஃபெஸ்டஸ் கையில் ஒரு மின்சார பில். உத்தியோகத்தின் கடைசிக் கடிதம் மின்சார பில்லாக அமைந்தது. வழக்கம்போல ஜன்னலுக்குப் போனான். அங்கே டீ இல்லை. வாசற்கதவு திறந்திருந்தது.

"உள்ள வாடா."

அவன் எட்டிப் பார்த்தான். என்னைக் கண்டதும் முகம் மாறியது. "யாராச்சும் செத்துட்டாங்களா?" என் முகராசி அப்படி.

"யாரும் சாகல. கோல்மன் சம்மதிச்சுட்டாரு. அந்தக் கூட்டத்தோட சேரலாமாம்."

"எழுத்துலயா?"

"எழுத்துல."

நோட்டை வாசலண்டை கொண்டுபோய்க் காட்டினார். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே நின்றபடியே படித்தான்.

"குறி உன்னோடது மாதிரி இருக்கே."

"நாப்பது வருசம் ஒண்ணா இருந்தா கையெழுத்தும் ஒட்டிக்கும்."

"டப்ளினுக்கு அனுப்பலையா?"

"இது டப்ளினுக்கு இல்ல. இந்த வீட்டுக்கு."

அவன் கால் மட்டும் நகரவில்லை. படியின் முன்னால் பூட்ஸ் நுனி நின்றது. வேண்டுமென்று நிற்கவில்லை, பழகிய கால். அட்ராக்டா நோட்டை மூடினார்.

"ஃபெஸ்டஸ், உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. அந்த நாப்பத்தோராவது ஓட்டு மாமியாரோடது இல்ல. என்னோடது." நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்பா போய் ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துது. பென்சில எடுத்தேன். பெட்டியில அவரோட ஓட்டு இருக்காதேன்னு தோணிச்சு. அவருக்காகப் போட்டுட்டேன். ஒரே ஒரு தடவை. இவரு எண்ணுவாருன்னு தெரியாதா எனக்கு? தெரியும். போட்டுட்டேன்."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். வழிமொழிந்தவன் அல்லவா.

ஃபெஸ்டஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் கார்லயே கிழவி சொல்லிட்டாளே. மகன் சொன்ன ஆளுக்குத்தான் போட்டேன், பென்சில் மொட்டையா இருந்துதுன்னு வழி முழுக்கத் திட்டிக்கிட்டே வந்தா. அவ இல்லன்னா வேற யாரு? நாப்பதும் ஒண்ணும் கூட்ட எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா? முப்பத்திமூணு வருசம்... பாவி, ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் உள்ள வந்திருப்பேன். நீ வெளிய வந்திருப்பே."

எனக்கு அழுகை வந்தது. சவப்பெட்டிக்காரன் அழுதால் தொழில் கெட்டுவிடும் என்று ரசீதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்ராக்டா தம்பியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார், சந்தையில் கன்றை இழுப்பதுபோல. அவன் உள்ளே வந்து விழுந்தான்.

வந்தவன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். நேராக அடுப்பண்டை போய், கோல்மன் உட்காரும் கைப்பிடி நாற்காலியில் உட்காரப் போனான்.

"அதுல வேண்டாம்," என்றார் அட்ராக்டா. மூக்கைத் துடைத்துக்கொண்டாயிற்று, குரல் செயலாளர் குரலாகிவிட்டது. "அது இப்போ என்னோடது."

"கூட்டணிதானே?"

"கூட்டணின்னா வந்த அன்னிக்கே பிரதமர் நாற்காலியா? பெஞ்சுல உக்காரு."

பெஞ்சில் உட்கார்ந்தான். டீயை ஊற்றிக் கொடுத்தார். அவன் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைக்கப் பார்த்து, அது எட்டாமல், மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"ரெண்டரை வருசம் கழிச்சு?" என்றான்.

"அப்போ பாக்கலாம்," என்றவர் நோட்டைத் திறந்து தேதியைக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு அவன் தினமும் போனான், கடிதம் இல்லாமல். லோர்கன் எங்கள் சந்துக்கு ஒரு சைக்கிள் பாதை போட்டான். அதில் ஆடுகள் படுத்திருக்கின்றன. அட்ராக்டா தன் சொந்தச் சீட்டில் என்ன போட்டார் என்று நானும் ஃபெஸ்டஸும் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டோம். ஓட்டு ரகசியம் என்று பாதிரியார் சொல்லியிருக்கிறாராம்.

இரண்டரை வருடம் கழித்து, ஒரு டிசம்பரில், டப்ளினில் பிரதமர் நாற்காலி கைமாறியது. அதை நான் கடை வானொலியில் கேட்டுவிட்டு, ஒரு வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். அட்ராக்டா தன் பின்னல் வேலையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுப்பண்டை நாற்காலி காலியாக இருந்தது. ஃபெஸ்டஸ் அன்றைக்கு இன்னும் வரவில்லை.